பத்து விநாடி பைட்: பேசுவது, வெட்டுவது, நம்புவது எப்படி?

"ஐயா, ஒரு பைட் கொடுங்க." கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வரி காதில் விழும். பைட் என்றால் செய்தியில் போடுவதற்காக எடுக்கிற சின்னப் பேச்சுத் துண்டு. மனுவோடு வந்தவர் நாலு நிமிடம் பேசுவார். ராத்திரி செய்தியில் எட்டோ பத்தோ விநாடி வரும். அது பெரும்பாலும் அவர் முக்கியம் என்று நினைத்துச் சொன்ன இடமாக இருக்காது. நடுவில் எரிச்சலில் விட்ட ஒரு வரியாக இருக்கும்.

தலைவர்களுக்கும் இதேதான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும் மறுநாள் டீக்கடையில் மிஞ்சுவது ஒரு வரி. வித்தியாசம் என்னவென்றால், அந்த ஒரு வரியை யோசித்து எழுதித்தர அவர்களுக்கு ஆள் இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் மீனவர் பஞ்சாயத்துக்காரருக்கும் புதிதாக ஜெயித்த கவுன்சிலருக்கும் அப்படி யாரும் கிடையாது. இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்கு. அப்புறம் அதை வெட்டிப் போடுகிறவர்களுக்கும், வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு உடனே ஃபார்வேர்டு பண்ணுகிறவர்களுக்கும்.

என் வாதம் எளிது. உங்கள் பத்து விநாடியை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்களைத் தெரியாத ஒருவர் தேர்ந்தெடுப்பார்.

படி 1: அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாவட்ட நிருபர் எடுத்த வீடியோ சென்னை டெஸ்க்குக்கு, அதாவது செய்தியைத் தொகுக்கிற பிரிவுக்குப் போகிறது. அங்கே ஒரு உதவி ஆசிரியர் நாலு வரி எழுதுவார். செய்தி வாசிப்பவர் அதைப் படிக்க, நடுவில் உங்கள் முகமும் குரலும் வந்து போகும். அதே வரி அரை மணி நேரத்தில் உங்கள் படத்தோடு நியூஸ் கார்டு ஆகும், அப்புறம் ஷார்ட்ஸ் ஆகும். வெட்டுகிறவர் கடலூருக்கு வந்திருக்கவே மாட்டார். அவருக்கு உங்கள் மேல் பகை ஒன்றும் இல்லை, அடுத்த செய்தி காத்திருக்கிறது, அவ்வளவுதான். வாக்கியம் சுத்தமாகத் தொடங்கி சுத்தமாக முடிகிற இடத்தை அவர் காது தேடும். கிடைத்த முதல் இடத்தில் கத்தரி விழும்.

இது ரீல்ஸ் வந்த பிறகு வந்த நோய் இல்லை. அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், 1968-ல் வேட்பாளர் ஒருவரின் குரல் டிவியில் இடைவெட்டில்லாமல் சராசரியாக 40 விநாடிக்கு மேல் ஓடியது என்றும் 1988-ல் அது 10 விநாடிக்கும் கீழே வந்துவிட்டது என்றும் கண்டார்கள். அப்போது ஸ்மார்ட்போனே கிடையாது.

படி 2: நின்ற வரிகளைப் பிரித்துப் பாருங்கள்

எழுத உட்காரும் முன் நம் ஊரிலேயே நின்று நிலைத்த வரிகளைக் கொஞ்சம் கழற்றிப் பார்ப்பது நல்லது.

1967 தேர்தல். அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த நேரம். அண்ணா சொன்னது: "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்." எழுதிவைத்துப் படித்துப் பாருங்கள், இதில் எத்தனை வேலை நடக்கிறது என்று தெரியும். லட்சியம், நிச்சயம் என்று இரண்டு பாதியும் ஒரே ஓசையில் முடிகின்றன. ஒரு தடவை கேட்டால் போதும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். படி என்பது எல்லோர் வீட்டிலும் இருந்த அளக்கிற பாத்திரம், ஒரு படி அரிசி எத்தனை பேருக்குப் போதும் என்று சமைக்கிறவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரம், விநியோகம், கொள்முதல் என்று ஒரு சொல் இல்லை. இதையெல்லாம் விட சாமர்த்தியமானது, வரிக்குள்ளேயே ஒரு பின்கதவு இருக்கிறது. மூன்று படி எங்கே என்று யாராவது கேட்டால், அது லட்சியம் என்றுதானே சொன்னோம் என்று பதில் சொல்லலாம். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மூன்று படி எங்கே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள்.

கடலூருக்கே சொந்தமான ஒன்று உண்டு. 1944-ல் இங்கே ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பெரியார் மீது செருப்பு வீசப்பட்டது. பிற்பாடு அதே இடத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. "செருப்பொன்று போட்டால் சிலையொன்று முளைக்கும்" என்ற வரி அதிலிருந்து வந்தது. சிலர் "வீசினால்" என்பார்கள், சிலர் "விழுந்தால்" என்பார்கள். வினை மாறினாலும் செருப்பும் சிலையும் மாறுவதில்லை. இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற பொருள், இரண்டும் ஒரே சகரத்தில் தொடங்குகின்றன. "வன்முறை கொள்கையை வீழ்த்தாது" என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் கலைவதற்குள்ளேயே மறந்திருக்கும்.

நிற்பது வேறு, ஜெயிப்பது வேறு. 2014-ல் ஜெயலலிதா "மோடியா, இந்த லேடியா?" என்று கேட்டார். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ல் அதிமுக ஜெயித்தது, கடலூரும் சிதம்பரமும் அதில் அடக்கம். அதே சேனல்களைப் பார்த்துக்கொண்டிருந்த புதுச்சேரியில் ஜெயித்தது என்.ஆர். காங்கிரஸ். 2016 சட்டமன்றத் தேர்தலில் "மாற்றம், முன்னேற்றம், அன்புமணி" அளவுக்கு ஊரெல்லாம் உச்சரித்த வரி வேறு இல்லை. இன்றும் கிண்டலுக்காவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பாமகவுக்கு அந்தத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. வரிக்குப் பின்னால் கூட்டணிக் கணக்கும் பூத் ஆளும் இல்லையென்றால் வரி மட்டும் ஊர் சுற்றும்.

மொழியும் முக்கியம். 2021 பிரசாரத்தில் பிரதமர் மோடி புதுச்சேரியை "பெஸ்ட்" ஆக்குவேன் என்றார். பிசினஸ், எஜுகேஷன், ஸ்பிரிச்சுவல், டூரிசம் என்ற நான்கின் முதல் எழுத்துகள். ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. தமிழில் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. விளக்கம் தேவைப்பட்டால் அது பைட் இல்லை, பாடம். இதோடு ஒப்பிட்டால் புதுச்சேரியில் எல்லாக் கட்சிகளும் மாறி மாறிச் சொல்லிவரும் "மாநில அந்தஸ்து" இரண்டே சொல். நெல்லித்தோப்பு ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னாலும் யாரும் என்ன என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

படி 3: உங்கள் வரியை எழுதுங்கள்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதுநகர் பக்கம் ஒரு நகர். மழைத்தண்ணீர் வடியவில்லை. சங்கச் செயலாளர் மைக் முன்னால் நிற்கிறார். தயார் பண்ணாமல் வந்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் நகரில் ஏராளமான குடும்பங்கள் நீண்ட காலமாக வசித்து வருகிறோம். வடிகால் வசதி முறையாக ஏற்படுத்தித் தரப்படாத காரணத்தினால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பல்வேறு இன்னல்களுக்கு ஆளாகி வருகிறோம். இது சம்பந்தமாகப் பல முறை சம்பந்தப்பட்ட துறைக்கு மனு அளித்தும் எந்தவித நடவடிக்கையும்..."

இது மனுவின் தமிழ். மனுவுக்கு இது சரி. டெஸ்க்கில் இருப்பவர் இதில் எங்கே வெட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. "பல்வேறு இன்னல்கள்" என்றால் என்ன? யாருக்கு? எத்தனை நாளாக? என்ன வேண்டும்? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக உங்களையே கேட்டு, பதிலை வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள்.

எத்தனை நாள்? மழை விட்டு நாலு நாள். எவ்வளவு தண்ணீர்? முட்டி அளவு. என்ன நடக்கிறது? பாம்பு வருகிறது. யார் வரவில்லை? அதிகாரி. என்ன கேட்கிறீர்கள்? மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். இப்போது சேர்த்துப் பாருங்கள்:

"மழ நின்னு நாலு நாளாச்சு. எங்க தெருவுல இன்னும் முட்டியளவு தண்ணி. வீட்டுக்குள்ள பாம்பு வருது, அதிகாரி வரல. ஒரு மோட்டார் வெச்சு இறைச்சாப் போதும்."

இருபது சொல்லுக்குள் முடிந்துவிட்டது. நிதானமாகச் சொன்னால் பத்து விநாடி ஆகும், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். நாலு வாக்கியமும் தனித்தனியாக நிற்கும். முதல் இரண்டை வெட்டினாலும் மிச்சம் புரியும், கடைசியை வெட்டினாலும் மிச்சம் புரியும். நியூஸ் கார்டில் எது வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: "பாம்பு வருது, அதிகாரி வரல." வருது, வரல என்று ஒரே வினையின் இரண்டு முகம். அதைத்தான் டெஸ்க் தேடிக்கொண்டிருந்தது.

இப்போது சோதனை. நேற்று சாயங்காலம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இந்த வரி செத்தது. அவர் தண்ணீரில் நிற்கிற போட்டோ ஒரு மணி நேரத்தில் வெளியே வரும். அப்புறம் பேச்சு முழுக்க நீங்கள் பொய் சொன்னீர்களா என்பது பற்றியே இருக்கும், தண்ணீரைப் பற்றி இருக்காது. அப்படியானால் "அதிகாரி வந்தாரு, பாத்தாரு, போனாரு. தண்ணி போகல" என்று மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையும் ஆச்சு, வரியும் முன்னதைவிட நன்றாக இருக்கிறது. வரி அழகாக வந்ததும் அதைச் சரிபார்க்க மனசு வராது. அந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். புலம்பல் மட்டும் இருந்தால் பார்க்கிறவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். மோட்டார் என்று ஒரு பொருளைச் சொன்னால், பார்க்கிற அதிகாரிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

படி 4: மைக் முன்னால்

கேள்வி டிவியில் வராது, பதில் மட்டும்தான் வரும். "ஆமாம், அது உண்மைதான்" என்று சொன்னால் எது உண்மை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. விஷயத்தின் பெயரைப் பதிலுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். "நான் ஏற்கெனவே சொன்ன மாதிரி" என்ற தொடக்கமும் வேண்டாம். ஏற்கெனவே சொன்னது வெட்டுப்பட்டிருக்கும்.

எதிராளியின் சொல்லைத் திருப்பிச் சொல்லாதீர்கள். "கமிஷன் வாங்கினீங்களாமே?" என்று கேட்டால் "நான் கமிஷன் வாங்கல" என்பதுதான் வாயில் வரும். கார்டில் உங்கள் படம், பக்கத்தில் பெரிய எழுத்தில் கமிஷன். 1973-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்று சொன்னார். இன்றைக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மோசடிக்காரன்தான். "டெண்டர் கணக்கு முழுக்க ஆபீஸ்ல இருக்கு, யார் வேணா பாக்கலாம்" என்று உங்கள் சொல்லில் பதில் சொல்லுங்கள்.

முக்கியமான வரியை இரண்டு தடவை சொல்லலாம். முதல் தடவை பின்னால் பஸ் ஹாரன் அடித்திருக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரி பீச் ரோட்டிலோ பேட்டி என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், இல்லாவிட்டால் மைக்கில் இரைச்சல்தான் விழும்.

பேட்டி முடிந்து காருக்கு நடக்கும்போது கேட்கிற கேள்விதான் ஆபத்தானது. உடம்பு தளர்ந்திருக்கும், வாயும் தளர்ந்திருக்கும். கேமரா மட்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மேடையிலும் இதே கதைதான். 2017 கடைசியில் ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக அறிவித்த நேரத்தில் யோசித்து வைத்திருந்த சொல் "ஆன்மிக அரசியல்". கொள்கை என்ன என்று ஒருவர் கேட்டதும் தலை சுற்றிவிட்டது என்று போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார். மீம் போடுகிறவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

படி 5: வெட்டுகிறவர்களுக்கு

யூடியூப் சேனலோ ஊர்ப் பக்கமோ நடத்துகிறவர்கள் இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. "இந்தத் தொழிற்சாலை இங்க வரணும்னு நான் சொல்லல" என்று ஒருவர் பேசுகிறார். ஒரு விநாடி முன்னால் கத்தரித்தால் "இந்தத் தொழிற்சாலை இங்க வரணும்" என்று முடியும். அவர் வாயாலேயே, அவர் குரலிலேயே, நேர் எதிரான அர்த்தம். ஆங்கிலத்தில் இல்லை என்பது வினைக்கு முன்னாலேயே வந்துவிடும், இத்தனை சுலபமாகக் கவிழ்க்க முடியாது. நமக்கு முடியும்.

அடுத்தது "என்று". எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை எடுத்துச்சொல்லி மறுப்பது மேடைப் பேச்சில் தினமும் நடப்பது: "சிப்காட்டால ஒரு பாதிப்பும் இல்லைன்னு அமைச்சர் சொல்றாரு, அவரை வந்து குடியிருக்கச் சொல்லுங்க." முதல் பாதியை மட்டும் எடுத்து "ன்னு" வருவதற்குள் நிறுத்திவிட்டால், சிப்காட்டை எதிர்க்கிறவர் அதற்கு வக்காலத்து வாங்குகிற வீடியோ தயார். "என்றால்", "ஆனால்", "தவிர" இதெல்லாமும் இப்படித்தான். நிபந்தனை ஒரு பக்கம், முடிவு ஒரு பக்கம் இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டும்.

அதனால் நான் பழகுகிற பிள்ளைகளிடம் சொல்வது இது: முற்றுவினை காதில் விழுந்த பிறகு அரை விநாடி விட்டு வெட்டு. அப்புறம் அந்தத் துண்டை, முழுப் பேச்சைக் கேட்காத ஒருவரிடம் போட்டுக் காட்டி, இவர் என்ன சொல்கிறார் என்று கேள். அவர் சொல்வதும் முழுப் பேச்சும் ஒத்துப்போனால் போடு.

கார்டில் மேற்கோள் குறி போட்டால் உள்ளே இருப்பது பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்லாக இருக்க வேண்டும். சுருக்கினால் குறியை எடுத்துவிடுங்கள். தேதியும் இடமும் போடுங்கள். தேர்தல் நேரத்தில் இன்னொன்று: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், வாக்குப்பதிவு நடக்கும் பகுதியில் டிவி வழியாகப் பிரசாரம் காட்டுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு தடுக்கிறது. கட்சி விளம்பரத்துக்கு முன்சான்று வாங்குவது தனி.

படி 6: பார்க்கிறவர்களுக்கு

கார்டு வந்தால் முதலில் லோகோவைப் பார்க்காதீர்கள், அது யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா பாருங்கள். பெரிய தலைவர் பெரிய வார்த்தை சொல்லி ஒரே ஒரு சேனலில் மட்டும் வந்திருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பழைய வீடியோவைப் புதுசு என்று அனுப்புவது இன்னும் சகஜம். முகக்கவசம், மேடை பேனரில் இருக்கும் படங்கள், பக்கத்தில் நிற்பவர் இப்போது எந்தக் கட்சி என்று பார்த்தாலே பாதி பிடிபட்டுவிடும். தமிழ்நாடு அரசுக்குத் தகவல் சரிபார்ப்பகம் ஒன்று இருக்கிறது, அரசு சம்பந்தப்பட்ட பொய்களுக்கு அதைப் பார்க்கலாம். அரசியல் வாக்குவாதங்களில் அரசின் சரிபார்ப்பும் ஒரு தரப்பின் குரல்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும், மாநில அரசானாலும் மத்திய அரசானாலும்.

முழு வீடியோ எப்படிப் பேசும் என்பதற்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் ராகுல் காந்தி சோலை நகர் மீனவர்களைச் சந்தித்தார். ஒரு பெண்மணி எழுந்து, புயல் நேரத்தில் யாரும் தங்களை வந்து பார்க்கவில்லை என்று பக்கத்திலேயே நின்ற முதல்வர் நாராயணசாமியையும் சேர்த்துக் குறை சொன்னார். நிவர் புயலின்போது தான் வந்து பார்த்து நிவாரணம் கொடுத்ததை அந்த அம்மா சொல்வதாக முதல்வர் ராகுலிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த எல்லோரும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க முடிந்ததால்தான் அது நாடு முழுக்கப் பரவியது. ஆங்கிலத் துண்டு மட்டும் வெளியே வந்திருந்தால் அது நிவாரணம் பெற்ற பெண்ணின் நன்றி என்று ஓடியிருக்கும். பேசிப் பழக்கமில்லாத ஒருவர் எழுதிவைக்காமல் சொன்ன வரி, அந்தப் பயணத்தில் தலைவர்கள் பேசிய அத்தனையையும் தாண்டி நின்றது. அவர் எதிரே இருந்த ஆளையே காட்டிக் கேட்டார். வேறு உத்தி எதுவும் அதில் இல்லை.

படி 7: தப்பாக வெட்டிப் போட்டுவிட்டால்

எந்தப் பேட்டி என்றாலும் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று போனில் முழுசாகப் பதிவு செய்யட்டும். தவறாக வந்தால் முதலில் நிருபரை அழையுங்கள், கத்தாமல் பேசுங்கள். பெரும்பாலும் வெட்டியது அவர் இல்லை, டெஸ்க். எந்த விநாடியில் வெட்டுப்பட்டது என்று குறித்துச் சொல்லி முழு வீடியோவை அனுப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மாற்றுவார்கள், மறுநாள் என்றால் "பாக்குறோம்ணா" என்பார்கள்.

அப்புறம் உங்கள் பக்கத்தில் முழு வீடியோவைப் போடுங்கள். அதற்கு மேலே எழுதுகிற வரியில், அவர்கள் போட்ட தப்பான வரியைத் திரும்ப எழுதி "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று போடாதீர்கள். அந்தக் கார்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் போடாதீர்கள், அதை மறுபடி வெட்டி எடுத்துப் போட நாலு பேர் இருப்பார்கள். நீங்கள் உண்மையில் சொன்ன பத்து விநாடியை முதலில் வையுங்கள், முழுப் பேச்சு அதற்குப் பின்னால் வரட்டும்.